அவள் மார்க்குக்கு அது போதும்

கீழப்பருத்தியூர்,
குடவாசல் வழி.
19 மே 2025

பேராசிரியர் நெடுஞ்செழியன் அவர்களுக்கு,

உன் அக்கா குந்தவை எழுதுவது. நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். உன் வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்காமல் கடிதத்தைத் தொடங்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் கேட்கிறேன்.

இனி உன்னோடு பேச்சு கிடையாது என்று கல்யாண மண்டபத்தில் இலையை விட்டு எழுந்து வந்தேன். பேச்சு கிடையாதுதான். எழுத்து கிடையாது என்று நான் சொல்லவில்லை. போனில் உன் நம்பரை ப்ளாக் பண்ணிவிட்டேன். அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது, பெற்ற மகள் இசைவாணியிடம் கேட்க மானம் தடுக்கிறது. அதனால்தான் இந்தத் தபால். உன் அத்தான் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

பந்தியில் நடந்தது உனக்கு மறந்திருக்கலாம். "பொண்ண எங்க சேக்கப் போறீங்க" என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "பூந்தாழங்குடியில ஒரு காலேஜ் இருக்கு. அவ மார்க்குக்கு அது போதும்." சாம்பார் வாளியோடு நின்ற பையன்கூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். என் மகள் எதிர் வரிசையில் இருந்தாள். அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் சாப்பிடவே இல்லை.

உன் மகன் வளவன் மட்டும் ஊரறிந்த கல்லூரியில் படிப்பான். சேர்ந்த அன்று அந்த வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாய். என் மகளுக்கு மட்டும் பக்கத்து ஊர்க்காரனுக்கே தெரியாத கல்லூரி. பேரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரிகிற இடத்தில்தான் அவளைச் சேர்ப்பேன்.

வளவன் ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை? நான் கேட்டதாகச் சொல். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
குந்தவை


சென்னை
26 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் முடிந்துவிட்டால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

அத்தனை பேர் நடுவில் சொன்னது தவறு. சொன்ன விஷயம் தவறில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஆய்வுக் குழுவோடு நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். போனதும் முதல்வர் அறைக்குள் நுழைய மாட்டேன். பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று உடன் வரும் பேராசிரியையைப் பார்க்கச் சொல்வேன். ஆசிரியர்கள் எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்று கேட்பேன். பக்கத்திலேயே குடியிருந்தால் வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு கல்லூரி இருக்கிறது, விலங்கியல் பிள்ளைகள் விடிந்ததும் துறைமுகத்தில் மீன் கூடைக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நல்ல படிப்பு, ஆனால் விடுதி எனக்குத் திருப்தியில்லை. ஒரத்தநாட்டுக்கு அப்பால் ஒன்றில் தமிழ்த்துறை அருமையாக இருக்கிறது, பேருந்துதான் ஒழுங்காக வராது.

பூந்தாழங்குடியில் புவியியல் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நெல் குடோன் மாதிரி கட்டடம். உள்ளே பாடம் நடக்கிறது. பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய் மட்டம் பார்க்கவும் வரைபடம் போடவும் கற்றுக்கொடுக்கிறார்கள். மார்க்கை வைத்து இசைவாணியை அங்கே யாரும் அளக்க மாட்டார்கள். இசைவாணிக்குச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும். பெரிய இடத்தில் கடைசி வரிசையில் தொலைந்துபோவதைவிட இசைவாணி இங்கே தன் பெயரோடு இருக்கலாம். கல்லூரியின் பேர் எந்தப் பிள்ளையையும் காப்பாற்றாது அக்கா.

வளவனுக்கு அன்றைக்குப் பரீட்சை. நலமாக இருக்கிறான்.

அன்புடன்,
செழியன்


கீழப்பருத்தியூர்
2 ஜூன் 2025

பேராசிரியருக்கு,

தைலம் இருக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வளவன் பரீட்சை நன்றாக எழுதினானா?

கழிவறை பார்த்த கதையெல்லாம் படித்தேன். "போதும்" என்று நீ சொன்னதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். நான் பன்னிரண்டாவது முடித்த வருஷம் நல்ல மார்க் எடுத்திருந்தேன். டீச்சர் ராசம்மாள் வீடு தேடி வந்து, திருவாரூரில் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். அப்பா கூலிக்குக் களை எடுத்துவிட்டு அப்போதுதான் கரையேறி வந்திருந்தார். "பொட்டப்புள்ளைக்கு இது போதும்மா" என்றார். நீ அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். நீ என்ன செய்திருக்க முடியும், உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பாவையும் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் நீ எல்லாம் தெரிந்தவன். படித்துப் பேராசிரியராகித் திரும்பி வந்து அதே சொல்லை என் மகளுக்குச் சொன்னாய். அதை எப்படித் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தாய்?

உன் யோசனை எனக்கு வேண்டாம். மருதையன் என்று ஒருவர் கும்பகோணம் சாலையில் கல்வி ஆலோசனை மையம் வைத்திருக்கிறார். கோயம்புத்தூரில், விளம்பரத்தில் தினமும் வருகிற கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

மேட்டூர் தண்ணீர் வரப்போகிறது என்கிறார்கள். அதைக் கவனிக்க வேண்டும். உன்னோடு சண்டை போட நேரமில்லை.

குந்தவை


சென்னை
7 ஜூன் 2025

அக்கா,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை, மன்னிக்க வேண்டும். ஒரிஜினலையா கொடுத்தீர்கள்?

இந்த ஆட்கள் செய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெரிய பேரைச் சொல்லி ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு அங்கே இடம் முடிந்துவிட்டது என்று சொல்லி, பிள்ளை கிடைக்காமல் ஈ ஓட்டும் ஏதோ ஒரு கல்லூரியைக் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் டிசி கைக்கு வராது. டிசி இல்லாமல் அரசுக் கல்லூரிக் கலந்தாய்வில் ஒருவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வருஷம் வீணாய்ப் போகும். உடனே போய் வாங்குங்கள். என்மேல் இருக்கிற கோபத்தை இசைவாணியின் படிப்பில் காட்டாதீர்கள். படித்தவர் செய்கிற காரியமா இது?

செழியன்


கீழப்பருத்தியூர்
25 ஜூன் 2025

தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதினால் பொய். இசைவாணி சரியாகச் சாப்பிடுவதில்லை.

நீ சொன்னபடியே நடந்தது. படித்தவர் செய்கிற காரியமா என்று கேட்டாயே, அதற்காகவே உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். கோயம்புத்தூரில் இடம் இல்லையாம். ஆந்திர எல்லையில் ஒரு கல்லூரி இருக்கிறதாம். பேரில்லாத கல்லூரி வேண்டாம் என்று போனேன், அவன் ஊரே இல்லாத கல்லூரியைக் காட்டுகிறான். டிசியைக் கேட்டால் நாளைக்கு வாங்க என்கிறான். உன் அத்தான் நாற்றங்காலை விட்டுவிட்டு தினமும் அங்கே போய் நிற்கிறார். முதல் கலந்தாய்வு முடிந்துவிட்டது. காலி இடங்களுக்கு ஜூலை முதல் வாரம் கூப்பிடுவார்கள் என்று பூந்தாழங்குடியில் சொன்னார்கள். ஆமாம், போய் விசாரித்தேன். சந்தோஷமா?

உன்னை வா என்று நான் எழுதவில்லை. இதைப் படித்துவிட்டு என்ன செய்வதென்று உனக்கே தெரிந்தால் சரி.

குந்தவை


கீழப்பருத்தியூர்
3 ஜூலை 2025

தம்பிக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். நேற்று நீ வந்தபோது பேசாததால் இதை எழுதுகிறேன்.

"அவர உள்ள போயி உக்காரச் சொல்லுங்க" என்று மருதையன் மையத்தின் வாசலில் நான் உன் அத்தானிடம் சொன்னேன். "அக்காவ வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லுங்கத்தான்" என்று நீயும் அவரிடமே சொன்னாய். நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் இரண்டு பக்கமும் தலையாட்டிக் களைத்துப் போனார். வீட்டுக்கு வந்ததும், "ஒங்க ரெண்டு பேருக்கும் நான் தண்டோராக்காரனா" என்று என்னைத் திட்டினார்.

மருதையனிடம் நீ சட்டம் பேசுவாய் என்று நினைத்தேன். அவன் அசையவில்லை என்றதும் கீழே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாய். பேண்ட் சட்டையோடு, அந்தத் தூசியில். ஏறி வருகிற ஒவ்வொரு தாய் தகப்பனையும் நிறுத்தி, "ஒரிஜினலக் கையில குடுத்துடாதீங்க, ஜெராக்ஸ் மட்டும் காட்டுங்க, நான் காலேஜ் வாத்தியார் சொல்றேன்" என்றாய். பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். அவன் வயிறு எரிந்து இறங்கி வந்து கவரை உன் மடியில் எறிந்தான். உனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. நன்றி என்று எழுத மாட்டேன். ஆனால் நெஞ்சு நிறைந்திருந்தது.

இசைவாணிக்கு இடம் கிடைத்துவிட்டது. பூந்தாழங்குடி, புவியியல்.

ஒன்று கேட்க வேண்டும். கவரை எறியும்போது அவன், "ஒங்க பையன் மட்டும் பெரிய காலேஜ்ல படிக்கிறான்ல சார், இவங்க புள்ள போகக்கூடாதா" என்றான். வளவன் படிக்கிற இடத்தை முதல் நாளே நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். அதுவரைக்கும் கத்திக்கொண்டிருந்த நீ கவரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். உன் முகம் செத்துப்போனது. காரில் ஏறும்வரை நீ யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வளவன் எப்படி இருக்கிறான்?

அன்புள்ள,
அக்கா


சென்னை
12 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இசைவாணிக்கு என் வாழ்த்துகள். வரைபடப் பயிற்சிக்கு நல்ல பென்சில்கள் தேவைப்படும், ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். முதலாமாண்டில் ஆங்கிலம் கொஞ்சம் கடினமாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். குறுவை நடவு முடிந்ததா? அத்தான் முழங்காலைச் சேற்றில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

அன்புடன்,
செழியன்


கீழப்பருத்தியூர்
6 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

வளவன் இங்கே இருக்கிறான். வந்த அன்றே செம்மொழியிடம் உன் அத்தானை விட்டுச் சொல்லச் சொன்னேன். உன் பெண்டாட்டி போனிலேயே அழுதாளாம். அவளை ஏசாதே.

ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான். எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை செழியா. கன்னம் ஒட்டிப்போய், வெயிலே படாத நிறத்தில் இருந்தான். முதல் மூன்று நாளும் தூங்கினான், எழுந்து சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான். பிறகு கொல்லையில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னான். போன வருஷம் தீபாவளியிலிருந்தே அவன் கல்லூரிக்குப் போகவில்லையாம். சேர்ந்ததிலிருந்தே பாடம் புரியவில்லை, கேட்க ஆளில்லை, அரியர் விழுந்துகொண்டே போயிருக்கிறது. கல்யாணத்தன்று பரீட்சையும் இல்லை ஒன்றும் இல்லை. வந்தால் யாராவது எதையாவது கேட்டுவிடுவார்கள் என்று நீதான் அவனை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறாய்.

"அப்பா என்ன சொன்னாங்க" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலத்தை. பேசுறதையே விட்டுட்டாங்க" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடையைத் தூக்கி எறிந்தேன். நானும்தான் உன்னோடு பேச்சை நிறுத்தினேன். ஆனால் வாரம் தவறினாலும் எழுதுகிறேனே. திட்டியாவது எழுதுகிறேன். நீ பெற்ற பிள்ளைக்கு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதினாயா? ஒரே வீட்டில் பக்கத்து அறையில் இருந்தவனுக்கு? பேரில்லாத கல்லூரிகளைப் பற்றி எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினாய். அதையெல்லாம் எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று இப்போதுதான் புரிகிறது. அவனைப் பார்த்துக் கற்றிருக்கிறாய். அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று. இசைவாணியை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் போனான். சாயங்காலம்வரை ஆளைக் காணோம். அவர்கள் வாய்க்கால் கரையில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், இவன் கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். மறுநாளும் போனான். அதற்கடுத்த நாள், அளவுகோலைப் பிடிக்க ஆள் போதவில்லை என்று ஆசிரியர் இவனைக் கூப்பிட்டு நிறுத்தினாராம். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அங்கே இன்னும் இடம் காலியாக இருக்கிறது. அவனைச் சேர்க்கட்டுமா என்று எழுது.

அக்கா


சென்னை
12 ஆகஸ்ட் 2025

அக்கா,

வளவனை உடனே அனுப்பிவையுங்கள். இது எங்கள் குடும்ப விஷயம், நீங்கள் தலையிட வேண்டாம். கல்லூரியில் பேசி வைத்திருக்கிறேன், அடுத்த பருவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவன். அவன் மார்க் என்ன, அந்தக் கல்லூரி என்ன. குடோன் மாதிரி ஒரு கட்டடத்தில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நாளைக்கு நான் வெளியில் தலைகாட்ட முடியாது. இசைவாணியின் நிலைமை வேறு, வளவனின் நிலைமை வேறு.

செழியன்


கீழப்பருத்தியூர்
19 ஆகஸ்ட் 2025

நெடுஞ்செழியனுக்கு,

நலம் கேட்கவில்லை.

மே மாதம் நீ எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இசைவாணி என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு வளவன் என்று எழுதியிருக்கிறேன். வேறு ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை. உட்கார்ந்து நிதானமாகப் படி. ஒரு வரியாவது பொய் என்று பட்டால், என் மகளுக்கு நீ எழுதியதும் பொய்தான் என்று ஒப்புக்கொண்டு எனக்கு எழுது. அடுத்த பஸ்ஸிலேயே வளவனை அனுப்பிவைக்கிறேன்.

உண்மை என்றால் வாயை மூடிக்கொண்டிரு. நேற்று கடைசி நாள். அவனைச் சேர்த்துவிட்டேன். டிசி அவன் கையிலேயே இருந்தது, பழைய கல்லூரியில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஊரைவிட்டே கிளம்பியிருக்கிறான். பாதுகாவலர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் "அப்பா என்ன பண்றாங்க தம்பி" என்று கேட்டார்கள். வளவன் என்னைப் பார்த்தான். பிறகு, "அத்தை வீட்டுல விவசாயம் சார்" என்றான்.

குந்தவை


கீழப்பருத்தியூர்
21 நவம்பர் 2025

தம்பிக்கு,

இங்கே அடைமழை. சம்பாப் பயிர் முழங்காலளவுத் தண்ணீரில் நிற்கிறது, வடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். மற்றபடி நால்வரும் நலம். உன் நலத்தைச் செம்மொழி சொல்லித் தெரிந்துகொள்கிறேன். ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. அனுப்பிவைக்கச் சொல்லியும் எழுதவில்லை, வாழ்த்தியும் எழுதவில்லை. வளவன் தபால்காரரைக் கண்டால் வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் பூந்தாழங்குடிக்கு ஆய்வுக் குழு வருகிறதாம். அறிவிப்புப் பலகையில் உறுப்பினர் பெயர்களை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாவது பெயர் உன்னுடையது. இசைவாணிதான் வந்து சொன்னாள். வளவன் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டான். அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "மாட்டேன்த்தை. நான் என்ன தப்பு பண்ணேன்" என்றான்.

குழுவில் வருகிறவர்கள் முதலாமாண்டு வகுப்புக்குள் வந்து, இந்தக் கல்லூரியில் ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்பார்களாம். யாராவது ஒருவர் எழுந்து பதில் சொல்ல வேண்டுமாம். நன்றாகப் பேசுகிற பிள்ளைகளை முதல்வர் தயார் செய்தபோது, நான் சொல்கிறேன் என்று வளவன் தானாகவே கையைத் தூக்கியிருக்கிறான். அவன் யார் மகன் என்று இசைவாணியைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது.

நீ வா. வராமல் தட்டிக் கழித்துவிடாதே. அந்தக் கேள்வியை வேறு யாரையும் கேட்கவிடாமல் நீயே கேள். மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்திருப்பான். அவன் குரல் நடுங்கினாலும், உன்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் போனாலும், அவன் சொல்லி முடிக்கும்வரை உட்காரச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அக்கா